கையாலைமேல் பூக்கும் காந்தள்



நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் ரயில் பாதையின் நிலையங்களை உங்களில் அநேகர் மனப்பாடமாய்ச் சொல்லக்கூடியவர்கள். இரணியல், குழித்துறை, பாறசாலை, தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை. பிழைப்பின் நிமித்தம் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் மும்பைக்கும் போய்க் குடியேறியவர்களுக்கு இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு சித்தியின் வீட்டையோ, ஒரு மாமாவின் தோட்டத்தையோ நினைப்பூட்டும். குழித்துறையைத் தாண்டியபின், வண்டிக்குள் இருப்பவர்கள் அறியாதபடியே, தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கிவிடுகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. அடுத்திருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று பிரிந்த இரண்டு பக்கங்களிலும் ஊர்ப் பெயர்கள் இன்றைக்கும் ஒரே மாதிரி முடிகின்றன. இப்பக்கம் களியக்காவிளை, அப்பக்கம் அமரவிளை, பெருங்கடவிளை. விளை என்றால் பயிர் விளைகிற நிலம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பெருங்கடவிளைக்குப் போகிறவர்கள் நெடுஞ்சாலையை விட்டு மலைப்பக்கமாய் உள்ளே திரும்பவேண்டும். ஊராட்சிக்கும் வட்டார ஊராட்சிக்கும் அதே பெயர். அகஸ்தியமலையில் பிறந்து பூவாறு அருகே கடலில் சேரும் நெய்யாறு இந்தப் பகுதியின் வழியாக ஓடுகிறது. 1888-ல் நாராயண குரு நிகழ்த்திய பிரதிஷ்டையால் கேரளத்தின் சமூக வரலாற்றில் இடம்பெற்ற அருவிப்புறம் இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. செம்மண் மேடுகள், வெட்டுக்கல், ரப்பர், மரச்சீனி, வாழை, மிளகுக் கொடி சுற்றிய மரங்கள். ஒருவருடைய விளைக்கும் அடுத்தவருடைய விளைக்கும் நடுவே மண்ணை அடுக்கி, வெட்டி, மழுக்கி எழுப்பிய வரம்பை இரு பக்கத்தாரும் கையாலை என்றே சொல்லுகிறார்கள். ஆள் உயரத்துக்கும் மேலான கையாலைகள் உண்டு. இந்தக் கட்டுரையின் பூ அந்தக் கையாலைகளின் தலையிலும் தோட்டத்து ஓரங்களிலும்தான் வாழ்கிறது.

தமிழில் அதற்குக் காந்தள் என்றும், செங்காந்தள் என்றும், கார்த்திகைப்பூ என்றும் பெயர். அதன் கிழங்குக்குத் தனியாய் இரண்டு பெயர்கள்: கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு. கலப்பை போல வளைந்திருப்பதால் முதல் பெயர் வந்தது. வடமொழியிலும் கலப்பையை வைத்தே லாங்கலி என்று பெயரிட்டிருக்கிறார்கள். பூவை உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்ற ஊர்ப்பேச்சை இரண்டாம் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். மலையாளத்தில் மேந்தோன்னி. பழந்தமிழ் நிகண்டுகளில் காந்தளுக்குத் தோன்றி என்றொரு பெயரும் இருப்பதால், இந்த மேந்தோன்னி நமக்கு அந்நியமாய் ஒலிப்பதில்லை. கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராயிருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் முதலான உள்ளூர் வைத்தியர்களின் துணைகொண்டு தொகுத்து ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சிட்ட ‘ஹோர்த்தூஸ் மலபாரிகூஸ்’ என்னும் பெருநூலில், 1688-ல் வெளிவந்த 7-ஆம் தொகுதியில் இந்தச் செடி ‘மெந்தோனி’ என்ற பெயருடனேயே படமாக வரையப்பட்டிருக்கிறது. 65 ஆண்டுகளுக்குப் பின், 1753-ல், லின்னேயஸ் அதற்கு குளோரியோசா சுப்பர்பா என்று பெயர் வைத்தார். மகிமையும் மேன்மையும் என்று பொருள் படும் இரண்டு சொற்கள்.

அதற்கு வெகு காலத்துக்கு முன்பே நம்முடைய புலவர்கள் அதைக் கண்டுவைத்திருந்தார்கள். கபிலருடைய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களின் வரிசையில் முதலாவது நிற்பது செங்காந்தளே. குறுந்தொகையின் முதல் பாட்டும் காந்தளில்தான் போய் முடிகிறது. இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே தேசத்துக்கோ அதுவே தேசிய மலர். 1947-ல் இங்கிலாந்தின் இளவரசி எலிசபெத்துக்கு 21 வயது நிறைந்தபோது, அந்நாட்டின் பள்ளிப் பிள்ளைகள் சேர்த்த காசில் இந்தப் பூவின் வடிவத்தில் ஒரு வைரப் பதக்கம் செய்து கொடுத்தார்களாம். ஏழைகளின் வேலியில் வளர்கிற ஒரு கொடி எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

இவ்வளவு பேர்பெற்ற பூவை, அது வளர்கிற ஊரிலேயே பிறந்த உங்களுடைய பிள்ளைகளில் எத்தனைபேர் கண்டிருக்கிறார்கள்? கண்டிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். குற்றம் அவர்களுடையதல்ல; பள்ளிக்கூடக் கால அட்டவணையினுடையது.

நகரத்தில் குடியிருக்கிற குடும்பங்கள் ஊருக்குப் போவது ஏப்ரல், மே மாதங்களின் கோடை விடுமுறையிலும், கிறிஸ்துமஸ் விடுமுறையிலும். கோடையில் காந்தள் தரைக்குமேல் இல்லை. தண்டும் இலையும் காய்ந்து விழுந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்குகிறது. அந்த இடத்தைக் காலால் மிதித்துக்கொண்டு போனாலும் கீழே ஒன்று இருப்பது தெரியாது. ஜூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் முளை வெளியே வருகிறது. அதற்குள் நீங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வாங்கிக்கொண்டு நகரத்துக்குத் திரும்பிவிட்டிருப்பீர்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை அது பூக்கிறது. டிசம்பரில் நீங்கள் மறுபடியும் வரும்போது பூவெல்லாம் முடிந்து, காய்கள் வெடித்து, உள்ளே செம்மணி போன்ற விதைகள் வரிசையாய்ப் பளபளத்துக்கொண்டிருக்கும். ஆக, நகரத்துப் பிள்ளைகள் அந்தச் செடியைச் சந்திக்கிற இரண்டு வேளைகளும் கெட்ட வேளைகளே: ஒன்றில் மண்ணுக்குள் அடையாளமில்லாத கிழங்கு, மற்றொன்றில் கண்ணைக் கவரும் சிவப்பு விதை. செடியின் எல்லாப் பாகங்களும் விஷம்; கிழங்கிலும் விதையிலும்தான் அது மிகுதியாய் இருக்கிறது.

பூவையாவது முதலில் பார்த்துவிடுவோம். காந்தள் தானாய் நிற்கத்தக்க தண்டுடையது அல்ல. கொடிதான், ஆனால் மிளகைப்போல வேரால் ஒட்டுவதில்லை. காய்ச்சில் கொடியைப்போலச் சுற்றி ஏறுவதும் இல்லை. அதன் இலை ஈட்டிபோல நீண்டு, நுனியில் மெல்லிய சுருளாக முடிகிறது. கடிகாரச் சுருள் போன்ற அந்த நுனியே கை. ஒவ்வொரு இலையும் பக்கத்துச் செடியை நுனியால் பற்றிக்கொள்ள, கொடி மேலேறுகிறது. மொட்டு தலைகீழாய்த் தொங்கும். விரிகிறபோது 6 இதழ்களும் பின்புறமாய் மேல்நோக்கி மடிந்து, ஓரமெல்லாம் அலையலையாய் நெளிந்து, தீக்கொழுந்துபோல் நிற்கும். முதலில் பச்சை, பிறகு அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, சில நாட்களில் முழுவதும் சிவப்பு. மகரந்தத் தாள்கள் 6-ம் சக்கரத்தின் ஆரங்களைப்போல் சுற்றிலும் விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் கிட்டத்தட்ட நேர்கோணமாய் மடங்கி ஒரு பக்கமாய் ஒதுங்கிக்கொள்கிறது. பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாதபடி அமைந்த ஏற்பாடு இது. தேன் தேடி வருகிற வண்ணத்துப்பூச்சியின் சிறகில் தூள் ஒட்டி, அடுத்த பூவின் சூல்முடிக்குப் போய்ச் சேரவேண்டும்.

இதை ஆங்கிலத்தில் லில்லி என்கிறார்கள். தாவரவியலார் இன்று இதை லில்லிக் குடும்பத்திலிருந்து பிரித்து, கோல்ச்சிக்கம் என்னும் ஐரோப்பியச் செடியின் குடும்பத்தில் வைக்கிறார்கள். லில்லிகளைப்பற்றிப் பேசும்போது, மலைப்பிரசங்கத்தின் காட்டுப்புஷ்பங்கள் உங்களுக்கு நினைவு வரும். ஆங்கில வேதாகமத்தில் லில்லி என்றிருக்கிற அவ்விடத்தில் நம்முடைய மொழிபெயர்ப்பாளர்கள் காட்டுப்புஷ்பங்கள் என்று பொதுவாய் எழுதினது புத்தியான காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அது எந்தப் பூ என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. பலஸ்தீன மலைச்சரிவுகளில் மழைக்குப்பின் பூக்கும் சிவந்த அனிமோன் என்று பலர் எண்ணுகிறார்கள். அதுவும் கிழங்கிலிருந்து முளைத்து, கோடையில் தரைக்குமேல் காணாமற்போகிற பூதான்.

காந்தளின் கிழங்கு வெங்காயத்தைப்போல் அடுக்கடுக்கான குமிழ் அல்ல. இரண்டு கிளையாய்ப் பிரிந்து, ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல வளைந்த, வழவழப்பான தண்டுக்கிழங்கு. ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கு தன்னிடத்திலுள்ள உணவையெல்லாம் தண்டுக்கும் பூவுக்கும் கொடுத்துச் சுருங்கிப்போக, பக்கத்தில் புதிய கிழங்கு உருவாகிவிடுகிறது. முளை இருப்பது கிளைகளின் நுனியில். மண்வெட்டி பட்டு நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. விதையிலிருந்து வருகிற செடி பூப்பதற்கோ சில ஆண்டுகள் பொறுத்திருக்கவேண்டும். கையாலையின் மண் கலையாமல் இருந்தால் ஒரே இடத்தில் வருஷாவருஷம் அது எழும்பிவரும்.

இனி விஷத்தைப்பற்றி. இதைக் கவனமாய் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கிழங்கிலும் விதையிலும் உள்ள முக்கியமான நஞ்சின் பெயர் கோல்ச்சிசின். உடம்பில் உயிரணுக்கள் இரண்டாய்ப் பிரிந்து பெருகும்போது உள்ளே நூல்போன்ற ஓர் அமைப்பு உண்டாகவேண்டும். கோல்ச்சிசின் அந்த நூல் உருவாகாதபடி தடுத்துவிடுகிறது. ஆகையால், ஓயாமல் புதுப்பிக்கப்படுகிற உறுப்புகளே முதலில் அடிபடும்: குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால். உண்டவனுக்கு உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாந்தியும் கடுமையான பேதியும் தொடங்கும். காலராவோ, கெட்டுப்போன சாப்பாடோ என்று வீட்டார் நினைப்பார்கள். சிலருக்கு அது சற்றே தணிந்ததுபோலவும் தோன்றும். அதன் பின்னரே இரத்த அணுக்கள் குறைந்து, சிறுநீரகமும் இதயமும் தளர்ந்து, ஆபத்து முற்றுகிறது. பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரங்களில் தலைமயிர் கொத்துக்கொத்தாய் உதிர்வதுண்டு. ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாய்க் கிடைக்கிற மாற்று மருந்து இதற்கு இல்லை. வேக வைத்தாலும் விஷம் போகாது.

கிழங்கு என்றால் உயிராய் இருக்கிற ஜனங்கள் நாம். மரச்சீனி, காய்ச்சில், சேனை, சேம்பு, சிறுகிழங்கு என்று மழை மாதங்களையெல்லாம் கிழங்கினால் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள். காந்தள் கிழங்கை உண்ணத்தக்க கிழங்கென்று எண்ணிச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் இறந்ததையும், அரும்பாடுபட்டுப் பிழைத்ததையும் இலங்கையிலும் இந்தியாவிலும் மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். எலிசாவின் நாட்களில், கில்காலின் பஞ்சகாலத்தில், கூழ்ப்பானைக்குள் போன பேய்க்கொம்மட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பறித்து வந்தவன் பசியுள்ளவன், துரோகி அல்ல. அவனுக்குச் செடியின் பெயர் தெரியாது, அவ்வளவே. பந்தியிலிருந்தவர்களோ உண்ணும்போதே கண்டுகொண்டு கூக்குரலிட்டார்கள். காந்தள் கிழங்கு அப்படி உடனே காட்டிக்கொடுப்பதில்லை.

முன்னே இந்த அறிவு வீட்டில் இருந்தது. மாடு மேய்க்கப் போகிற பிள்ளைக்குப் பாட்டி ஒரே சொல்லில் அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவாள்: ‘மேந்தோன்னி, தொடாதே.’ மூன்று தலைமுறை ஒரே கையாலையின் நிழலில் இருந்தபோது அந்த ஒரு சொல் போதுமானதாயிருந்தது. நகரத்தின் மூன்றாம் மாடியில் வளருகிற பிள்ளைக்கு மேந்தோன்னி என்றால் என்ன, காய்ச்சில் என்றால் என்ன? ஊருக்குப்போன உற்சாகத்தில் கையில் கிடைத்த கம்பால் மண்ணைக் கிளறுகிறவனும், செம்மணிகளைப் பொறுக்கி விளையாட்டுச் சட்டியில் போடுகிறவளும் அவர்கள்தான்.

ஆகவே பெற்றோருக்குச் சில காரியங்களைத் தெளிவாய்ச் சொல்கிறேன். இலை இருக்கும்போது அடையாளம் எளிது. காய்ச்சில், சிறுவள்ளி முதலியவற்றின் இலை இருதய வடிவம், நுனியில் சுருள் இல்லை, தண்டு மரத்தைச் சுற்றி ஏறும். காந்தளின் இலை ஒடுக்கமானது, நுனியில் சுருள் உண்டு. ஆனால் கோடையில் இலை இராது. ஆகையால் செடியைக் கண்ணால் கண்டிராத எந்தக் கிழங்கையும் வேலியோரத்திலிருந்து தோண்டி அடுப்பில் ஏற்றவேண்டாம். பிரசவ வேதனைக்கும் பாம்புக்கடிக்கும் இந்தக் கிழங்கை அரைத்துப் பூசுகிற பழக்கம் நாட்டு வைத்தியத்தில் இருந்தது. இன்று யார் சொன்னாலும் அதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். யாராவது தின்றுவிட்டதாய்ச் சந்தேகம் எழுந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல், 108-ஐ அழைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கள். செடியின் ஒரு துண்டையும் கூடவே எடுத்துச்செல்லுங்கள். என்ன தின்றார்கள் என்று மருத்துவர் அறிவதே பாதி வேலை. மனம் உடைந்தவர்கள் இதைத் தேடி உண்ட சம்பவங்களும் மருத்துவப் பதிவுகளில் உண்டு என்பதால், துக்கத்திலிருக்கிற ஒருவர் வீட்டில் இருந்தால் தொட்டியிலோ முற்றத்திலோ இதை வளர்க்கவே வேண்டாம்.

இதே நஞ்சு மருந்தாகவும் இருக்கிறது. 1820-ல் பாரிஸில் பெல்லட்டியே, காவாந்து என்ற இருவர் ஐரோப்பியக் கோல்ச்சிக்கத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். யூரிக் அமிலம் மிகுந்து கால் பெருவிரலில் நெருப்பாய் எரிகிற ‘கௌட்’ வலிக்கு மருத்துவர் எழுதித் தருகிற சிறு மாத்திரை இதுதான். மாத்திரையில் இருப்பது வெறும் அரை மில்லிகிராம். 2023-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதய நோயாளிகளில் சிலருக்கும் அதே அளவில் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. நகரத்துப் பழக்கடையில் நீங்கள் வாங்குகிற விதையில்லாத் தர்பூசணிக்கும் இதனோடு ஒரு தொடர்பு உண்டு. கோல்ச்சிசின் பட்ட செடியின் குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பாவதை 1937-ல் கண்டுபிடித்தார்கள்; அந்த வழியைக் கொண்டு ஜப்பானியரான கிஹாரா விதையில்லாத் தர்பூசணியை உருவாக்கினார்.

மருந்துக்காகத் தமிழ்நாட்டில் காந்தளை வயலிலேயே பயிரிடுகிறார்கள். திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களின் வறண்ட நிலங்களிலும், வேதாரண்யத்து மணலிலும், கம்பிகளில் படரவிட்ட காந்தள் தோட்டங்களைக் காணலாம். விதைதான் விளைச்சல். போதிய காய் பிடிப்பதற்காக வண்ணத்துப்பூச்சியின் வேலையை மனிதர் செய்கிறார்கள். காலை நேரத்தில் ஆட்கள் பூப்பூவாய்ப் போய் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கவேண்டும். விதை வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. விலையோ ஒரு வருஷம் ஏறி மறு வருஷம் விழும். இந்தப் பயிருக்கு நடுகிழங்கு வேண்டியிருந்தபோது, காட்டிலும் வேலியிலும் இருந்ததைத் தோண்டிக் கொண்டுபோனார்கள். பல இடங்களில் காந்தள் குறைந்ததற்கு அது ஒரு காரணம்.

உலக அளவில் இது அழிந்துபோகிற செடி அல்ல. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் தோட்டத்திலிருந்து தப்பிப்போய், பிடுங்கித் தீராத களையாகவும் ஆகியிருக்கிறது. ஆனால் நம்முடைய கையாலைகளில் இருப்பது வேறு காரியம். ஊரில் நிலம் வைத்திருக்கிற நகரத்துக் குடும்பம் முதலில் செய்வது என்ன? சுற்றுமதில். மண் கையாலை இடிக்கப்பட்டு, அஸ்திவாரம் தோண்டப்பட்டு, ஹாலோபிளாக் எழும்புகிறது. எல்லைத் தகராறுக்கு அது நல்லதுதான். தூரத்திலிருக்கிறவனுக்கு வேறு பாதுகாப்பும் இல்லை. ஆயினும் வருஷாவருஷம் எழும்பிய கிழங்கு அஸ்திவாரத்து மண்ணோடு லாரியில் போய்விடுகிறது. மதில் கட்டுகிறவர்கள் பின்பக்கத்துக் கையாலையை மட்டுமாவது பத்தடி நீளத்துக்கு விட்டுவைக்கலாம் என்பது என் எண்ணம். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக அதை அழிப்பதே நல்லது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அரளியும் ஊமத்தையும் இல்லாத ஊரைக் கண்டால் அவர்கள் எனக்குச் சொல்லட்டும்.

கிழங்கைத் தோண்டி நகரத்து மாடிக்குக் கொண்டுவர வேண்டாம். பார்க்க ஆசைப்பட்டால், செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வருகிற காலாண்டு விடுமுறையில் ஒருமுறை ஊருக்குப் போங்கள். நெய்யாற்றின்கரையில் இறங்கி, பெருங்கடவிளைப் பக்கம் பேருந்தில் போய், காலை வெயில் ஏறுமுன் கையாலை ஓரமாய் நடந்து பாருங்கள். அடர்ந்த ரப்பர் நிழலுக்குள் தேடவேண்டாம். வெயில் விழுகிற ஓரங்களில் தேடுங்கள். ஒரே கொடியில் மேலே பச்சை மொட்டும், அதன் கீழே மஞ்சளும் சிவப்புமான பூவும், இன்னும் கீழே முழுச் சிவப்பும், அடியில் பச்சைக் காயும் இருக்கும். பிள்ளைகளுக்கு அதன் இரண்டு பெயர்களையும் சொல்லிக்கொடுங்கள், இலை நுனியின் சுருளைக் காட்டுங்கள், அவர்களை ஒரு கை தூரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.